எதனாலும் வகுபடாத டிக்கெட்

அண்ணன் தன் நண்பர்கள் இருவரோடு ஜவ்வாது மலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றுதான் வீட்டில் நானும் அண்ணியும் நம்பினோம். அவன் சொல்லிவிட்டுப் போனது அதுதான். பதினைந்து நாள் கழித்து அந்த மலையின் அருவிப் பாறையில் அவனுடைய பை மட்டும் கிடைத்தது. அதற்குள் ஒரு பஸ் டிக்கெட். அதை எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரைப் பார்க்கப் போனேன்.

மெலிந்த மனிதர், காதில் பென்சில். ஏற்றம் தொடங்கியதும் முதலில் கிழிக்கும் டிக்கெட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதி, மேலே போய்ச் சேர்வதற்குள் அது எதனால் வகுபடும் என்று பார்ப்பது அவர் வழக்கம்.

"ஒண்ணு, பூஜ்ஜியம், நாலு, ஏழு, ரெண்டு, ஒம்போது. இத மறக்க முடியாதும்மா," என்றார், நான் நீட்டிய அண்ணனின் டிக்கெட்டைப் பார்த்து. "முந்நூத்தி இருபத்திமூணு வரைக்கும் பார்த்தேன், எதாலயும் வகுபடல. பகா எண்ணு. உங்க அண்ணன் பக்கத்துல குந்திக்கினு, 'முடியலன்னா சொல்லுங்க சார், டிக்கெட்ட மாத்திக்கிறேன்'னு கிண்டல் பண்ணிக்கினே வந்தாரு."

"கூட யாருங்க வந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. ஒத்த டிக்கெட்டுதான். விடை இன்னான்னு கேட்டுட்டுதான் எறங்கினாரு."

எனக்கு அழுகை வரவில்லை. அவர் தம் பையைத் துழாவி அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். நெருக்கமான வகுத்தல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மீதி. அண்ணனின் கடைசிப் பயணத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அண்ணன் இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டில் நானும் அண்ணியும் இருக்கிறோம்.