யாரும் கேட்காத சுவர்

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைத்தோம். தலைப்பு, ஒழுங்கும் குலைவும். குலைவைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையிலேயே இருந்ததே!

வாசலைப் பார்த்த பெரிய சுவர்தான் பிரச்சினை. உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அது. ஐந்து பேருக்கும் அதன் மேல்தான் ஆசை. ஆனால் வாயைத் திறந்து கேட்டால் தலை போய்விடுமே. நீங்க மாட்டுங்க, இல்லீங்க, நீங்க மாட்டுனாத்தான் சரியா இருக்குமுங்க என்று விடிந்ததிலிருந்து இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன செய்ய? நானும், எங்கே கிடைத்தாலும் போதுங்க என்றுதான் சொன்னேன். உடனே என் படத்தைக் கொண்டுபோய்க் கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டார்கள்.

அன்றைக்குக் கிணத்துக்கடவிலிருந்து அம்மா வேறு வருவதாக இருந்தது. அப்பா போன பிறகு தென்னந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். படத்தை ஒரு தடவை பார்ப்பேன், தேறாது என்று பட்டால் நீ மூட்டை கட்டிக்கொண்டு தோப்புக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

திறக்கிற நேரமாகியும் சுவர் காலி. மண்டப மேனேஜர் பார்த்தார். விசேஷ நாளில் மூளியாகக் கிடக்கக்கூடாது என்று, நாங்கள் கழற்றி வைத்திருந்த போட்டோவை, மண்டபம் கட்டிய பெரியவரும் அவர் மனைவியும் இருப்பதை, சந்தன மாலையோடு திரும்ப அங்கேயே மாட்டிவிட்டார். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மா வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அந்தப் போட்டோவின் முன்னால் போய்க் கும்பிட்டாள். பிறகு என் படம் எங்கே என்றாள். கூட்டிப்போய்க் காட்டினேன். தறியில் அறுந்து சிக்கிய நூல்களை வரைந்திருந்தேன். தொட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே ஏன் மாட்டினார்கள் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சுவர் வேண்டும் என்று நீ கேட்டாயா என்றாள். இல்லை என்றேன்.

மேனேஜரிடம் போனாள். "ஏனுங்க, அந்தப் பெரியவங்களைக் கொஞ்சம் எறக்கி வெய்யுங்க. எம் பையன் படத்தை அங்க மாட்டோணுங்க."

மாட்டினார்கள். இதைத்தான் நாங்களும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள் நண்பர்கள் நால்வரும். அவர்களை என்னதான் செய்வது!

அம்மா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலை கண்ணு," என்றாள். "ஆனா ஒரு செவுத்தைக் கேட்டு வாங்கத் தெரியாத நீ, தேங்கா யாவாரிகிட்ட வந்து என்னத்தைக் கேப்பே? இங்கயே படம் போட்டுட்டு இரு. தோப்புக்கு நான் ஆள் வெச்சுக்கறேன்."

சரி என்றேன். படம் பிடித்திருக்கிறதா என்று அப்போதும் நான் கேட்கவில்லை.