அம்புறோஸும் வெட்டப்பட்ட படமும்

நாரந்தனை மீனவர் அம்புறோஸ் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். ஐஸ்கட்டியைக்கூடத் தானே தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். கைபேசியில் வானிலைச் செய்தி வந்தாலும் கரையில் போய் நின்று பார்த்த பிறகே படகை இறக்குவார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மனைவி ஜெயந்தா. இந்தப் பங்குனியில் அந்த நம்பிக்கையும் ஆட்டங்கண்டது.

ஜெயந்தா கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுப்பவர். பன்னிரண்டு வருடமாகப் பின்னறைக் கணினியில்தான் வேலை. ஆனால் இது தவக்காலம். சைவ வீடுகளிலும் பங்குனியில் கல்யாணம் வைப்பதில்லை. பிறகெதற்கு விடிந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்?

ஒருநாள் கடலிலிருந்து வந்து கால் கழுவும்போது பின்னறைக்குள் ஓர் ஆண்குரல் கேட்டது. "கதவைத் திறந்தே வை. வந்துடுறேன்." பேச்சு இந்த ஊருடையதில்லை. சற்று நேரத்தில் அதே குரல், அதே சொற்கள். அம்புறோஸ் தட்டினார். குரல் சட்டென்று நின்றது.

"ஆரோட கதைச்சுக்கொண்டிருந்தனீர்?"

"ஒருத்தரோடையும் இல்லையப்பா. வேலை." கதவு ஒரு சாணளவுதான் திறந்தது.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீங்கள்?" என்று ஜெயந்தா கேட்டால், அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதுபோல் பட்டது. வீட்டுக்கு ஆரும் வந்து போகிறார்களா என்று அயல்வீட்டுச் செபஸ்தியம்மாவிடம் சாடையாக விசாரித்தார். "ஆர் வரப்போகினம்?" என்று சிரித்த அவரையும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் எழுவைதீவுப் பக்கம் வலை போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். பாணுக்கு அடியில், பொலித்தீனில் சுற்றியபடி ஜெயந்தாவின் பழைய கைபேசி. திரையில் செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எங்கே நிற்கிறேன், எப்போது திரும்புவேன் என்று வேவு பார்க்கிறாளா?

"ஆரடா அவன்? இண்டைக்குப் பிடிக்கிறன் பார்!" என்று கடலைப் பார்த்துக் கத்திவிட்டுப் படகைத் திருப்பினார்.

வீட்டுக் குசினி வழியாக நுழைந்து பின்னறைக் கதவைத் தள்ளினார். ஜெயந்தா தனியாகத்தான் இருந்தார். கணினித் திரையில் ஓர் அடியாள், காதில் போனுடன்: "கதவைத் திறந்தே வை. வந்துடுறேன்."

அது அம்புறோஸுக்கு உயிரான படம். துறைமுகத்தில் ஒற்றை ஆள் முப்பது பேரை அடித்து விழுத்தும் படம். நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். இந்த அடியாள் கதைத்ததை ஒருதரமும் கவனித்ததில்லை.

"வேலையில்லாத மாசம் எண்டு இதை வெட்டத் தொடங்கினனான்," என்றார் ஜெயந்தா. "உயிர்த்த ஞாயிறுக்கு உங்களுக்குக் காட்டுவம் எண்டுதான் ஒளிச்சனான். கதாநாயகன்ர முகம் வராது, கை மட்டும்தான். விழுறவையைத்தான் காட்டுறன்."

"என்ர படத்தை நாசமாக்கிப் போட்டீர்!"

"இருந்து பாருங்கோ."

அம்புறோஸ் கதிரையை இழுத்துப் போட்டார். நிறமில்லை, பாட்டில்லை. அடி விழும் இடங்களில் சத்தமும் இல்லை. அந்த இடங்களில் படகில் அலை மோதும் ஒலியைச் சேர்க்கவே ஜெயந்தா கைபேசியைப் பைக்குள் வைத்தாராம். போன் கதைத்தவன் லொறியிலிருந்து விழுந்தான். மூலப் படத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும் காட்சி இங்கே முடியவே இல்லை.

"அவன் எழும்பினவனோ?"

"படத்தில அது இல்லையப்பா."

பிறகு ஜெயந்தா பையிலிருந்த கைபேசியை எடுத்துக் கணினியில் பொருத்தினார். அலை கேட்டது, எஞ்சின் கேட்டது. அதன்பின் அம்புறோஸின் கத்தல், தெளிவாக.

ஜெயந்தா திரும்பிப் பார்த்தார். "பிடிச்சிட்டீங்களோ?"

அம்புறோஸுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பிழைதான்," என்றார்.

இரண்டு நாள் ஜெயந்தா சாப்பாட்டுப் பையைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பையை நீட்டியபடி ஜெயந்தா சொன்னார்: "அலைச் சத்தம் திருப்பி எடுக்கவேணும். இந்தமுறை வாயைத் திறக்காதேங்கோ."

உயிர்த்த ஞாயிறு பின்னேரம் அயலட்டைச் சனம் வந்து ஜெயந்தாவின் படத்தைப் பார்த்தது. "சண்டை எங்கை அண்ணை?" என்று கேட்டான் பக்கத்துப் படகுக்காரன் கிறிஸ்தோப்பர்.

"பேசாமல் அந்த விழுந்தவனைப் பாரும்," என்றார் அம்புறோஸ்.