முதல் மிடறு

பெரியம்மா சாயாவை ஆற்றித் தருவதில்லை. கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு, மகன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதட்டில் வைத்து ஒரு மிடறு குடிப்பாள். அது தொண்டையில் இறங்குவது வெளியே தெரியும். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகுதான் தம்ளரை அவனிடம் நீட்டுவாள். அந்த வீட்டில் தங்கி நான் மார்த்தாண்டத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது முதன்முறை இதைப் பார்த்தேன். சூடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். சோற்றிலும் மீன்குழம்பிலும் கஞ்சியிலும் முதல் வாய் அவளுடையதாகவே இருந்ததைக் கண்ட பிறகு சூட்டின் காரியம் இல்லை என்று விளங்கியது. பக்கத்து நாற்காலியில் சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் தலையே நிமிராது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவள் மகனை நான் அண்ணன் என்பேன். சவுதியில் வேலை, விடுமுறைக்கு மட்டும் வருவான். சித்தப்பா அவனுடைய அப்பாவின் தம்பி. அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டேன். நான் அங்கே தங்கப் போனபோது அவர் பெரியம்மாவின் கணவர் ஆகியிருந்தார். அப்போதும் கூப்பிடும் முறை மாறவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

பெரியப்பா இறந்தது ரப்பர் ஆசிட் குடித்து. எங்கள் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் மரத்தில் வடியும் பாலை உறைய வைக்க ஆசிட் இருக்கும். பார்க்கப் பச்சைத் தண்ணீர்தான். கேனின் அடியில் கொஞ்சம் மிஞ்சினால் கையில் கிடைத்த குப்பியில் ஊற்றி வைப்பார்கள். எல்லா வீட்டிலும் செய்கிற அசட்டுக் காரியம் அது. அன்று விடிகிற நேரத்தில் பெரியப்பா ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டுத் தாகத்தோடு தோட்டத்துக் கொட்டகையான புரைக்குள் வந்து, சன்னல் படியில் இருந்த குப்பியை எடுத்து அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். ஆசிட்டின் வாடை மூக்கைப் பிடுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புரை முழுவதும் எப்போதும் அதே வாடைதான். பால் உறைய வைக்கும் வேலை சித்தப்பாவுடையது. குப்பியில் ஊற்றி வைத்ததும் அவர்தான், அதை அவர் மறுக்கவும் இல்லை. தவறிக் குடித்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

பெரியப்பா நெய்யூரில் ஆஸ்பத்திரியில் சில நாள் உயிரோடு கிடந்தார். தொண்டை வெந்துபோய்ப் பேச்சு இல்லை. சவுதியிலிருந்து அண்ணன் அழைத்தபோது போனை அவர் வாயருகே பிடித்தார்கள். அவர் என்னவோ சொல்ல எத்தனித்தார், காற்று மட்டும் வந்தது. அண்ணனுக்கு லீவு கிடைத்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அப்பாவின் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அந்தக் காற்றுச் சத்தத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனான். "அப்பா எனக்கிட்ட என்னவோ சொல்ல வந்தாருட்டி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

ஒரு வருடம் கழித்து பெரியம்மா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். விதவையும் கல்யாணமாகாத கொழுந்தனும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் ஊருக்கு வேறு வேலை ஏது? "பேச்சுதான் மக்களே முதல்ல வந்துது, கலியாணம் பொறவுதான் வந்துது" என்பாள். புருஷனின் தம்பியைக் கட்டுவது வேதத்துக்கு விரோதம் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு கட்சி, வேதத்திலேயே அப்படி நடந்திருக்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பெரியம்மாவைப் பற்றி அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள், சபையில் அவளுக்குத் திருவிருந்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசையாகப் போகும்போது அவள் கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் உட்கார எனக்கே கூச்சமாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் முதல் தடவை வந்தபோது நடந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியம்மா சாயா கொண்டுவந்து நீட்ட, அவன் கை நீட்டாமல், "அப்பாக்குக் குடுத்த கையாலயாம்மா எனக்கும் தாற?" என்று கேட்டானாம். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தம்ளரை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாளாம். அன்று தொடங்கிய பழக்கம் அது. கள்ளமில்லாதவள் எதற்குக் குடித்துக் காட்டவேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். குடித்துக் காட்டாமல் இருந்திருந்தால் அதற்கும் ஒன்று கேட்டிருப்பார்கள். மகனிடம் தன் சுத்தத்தைக் காட்டத்தான் குடிக்கிறாள் என்றே நானும் நம்பினேன், அதற்காக அண்ணன்மேல் எனக்குக் கோபமும் இருந்தது.

ஒருநாள் மதியம் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்தால் குடிக்கட்டும் என்று சித்தப்பா ஒரு செம்பில் தண்ணீர் கோரிக் கட்டிலருகே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பெரியம்மா வந்து அந்தச் செம்பை எடுத்துக் குடித்தாள். பார்க்க அங்கே யாரும் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் எதையும் காட்ட அவள் குடிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, மகன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

காலம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தேன். அண்ணன் சவுதி வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே வேறு வீடு கட்டிக்கொண்டான். சித்தப்பா ஒருநாள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார், கடைசிவரை எதையும் சொல்லாமலே. அடக்கத்துக்கு மறுநாள் பெரியம்மா அண்ணனுக்குச் சாயா கொண்டுவந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். அவள் குடிக்கவில்லை, நேராக நீட்டினாள். அண்ணன் தம்ளரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ குடிக்கல்லியா?"

"இனி வேண்டாம் மக்களே."

அவன் முகம் வெளிறியது. "அப்பம் ஒனக்கு எல்லாம் அறியும், இல்லியா?" என்று கேட்டுவிட்டு, தம்ளரைத் தொடாமல் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு ஆள் வைத்து அவளைக் கவனித்துக்கொண்டானே தவிர, அந்தப் படி ஏறவில்லை.

சித்தப்பாதான் செய்தாரா என்று அடுக்களையில் நான் அவளிடம் நேராகவே கேட்டேன். அவள் பாத்திரம் விளக்குவதை நிறுத்தவில்லை. "எனக்கு அறியாதுட்டி மக்களே. செய்தாருண்ணு அறிஞ்சிருந்தா அவரக் கட்டியிருப்பனா? செய்யல்லண்ணு அறிஞ்சிருந்தா குடிச்சுப் பாத்திருப்பனா? செய்யாத மனுசன விட்டுட்டுப் போனாலும் பாவம், செய்த மனுசனுக்க கூட இருந்தாலும் பாவம். நான் எங்க போவேன்?" அண்ணனிடம் இதைச் சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம். அறியாத காரியத்தச் சொல்லி செத்தவருக்க மேல பழி போடாண்டாம். நான் உள்ள காலம்வரை அவன் எனக்க மேல கோவமாட்டே இருந்துக்கிடட்டும்" என்றாள்.

இந்த மழைக்காலத்தில் பெரியம்மா இறந்தாள். எங்கே குழி எடுப்பது என்று கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்து கேட்டதும் வீட்டில் சத்தம் கிளம்பியது. பெரியப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று விட்ட இடம் அப்படியே கிடந்தது. இரண்டாவதாகக் கட்டின சித்தப்பா பக்கத்தில் வைப்பதுதான் முறை என்று ஒரு மாமா வாதாடினார். அண்ணன் முற்றத்தில் நின்றான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று அடுக்களையில் அவள் சொன்னதைச் சொன்னேன். கடைசியாகப் பார்த்தபோது அவள் என்னிடம் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்: "என்னைய ரெண்டுபேருக்க பக்கத்துலயும் வைக்கப்பிடாது. ஒனக்க பெரியப்பாக்க பக்கத்துல கெடக்க எனக்கு முகம் இல்ல. சித்தப்பாக்க பக்கத்துல கெடக்க எனக்குப் பயம்."

"அவளுக்கும் அறியாதா?" என்றான் அண்ணன்.

"அறியாது."

அவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடமும் அவள் எல்லாம் தெரிந்து மறைக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவனை வாட்டிய அதே சந்தேகம்தான் அவளையும் வாட்டியிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு அவள் சமைத்திருக்கிறாள், படுத்திருக்கிறாள், ஒவ்வொரு வாயாக அவனுக்கு முன்னால் விழுங்கியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

பிறகு அண்ணன் எழுந்து கோயில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான், நானும் பின்னால் போனேன். பெரியப்பாவின் கல்லறையையும் சித்தப்பாவின் கல்லறையையும் தாண்டி, கிழக்கு மதிலோரம் ஓர் அயனி மரத்தடியில் போய் நின்று, காலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினான். கோயில்பிள்ளை மண்வெட்டியை ஓங்கும்போது தடுத்து, அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு கிழித்தான்.

"இதுல வேற ஆருக்கும் குழி எடுக்கப்பிடாது, கேட்டியளா. எங்கம்மைக்குப் பக்கத்துல நான் கெடக்கணும்."