கண்ணாடிக் கூண்டுக்குள் வயல்

நிலச்சீர்திருத்தத்தில் அப்பாவுக்குக் கிடைத்த அமரவிளை வயலில் வீடு கட்டச் சொல்லி, துபாயிலிருந்து அண்ணன் எழுதியிருந்தான். வயலை மூட மறுநாள் மண் லாரிகளை வரச் சொல்லிவிட்டு, செய்தி சேகரிக்கத் திருவனந்தபுரம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கே, பாடம் செய்த புலிகளுக்கு அருகில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். 'அற்றுப்போன நெல்வயல்' என்றது பலகை. வருங்காலத்தைக் காட்டும் நிகழ்த்துகலையாம்.

"இத எங்க அமரவிளையில சும்மாவே பாக்கலாமே," என்று சிரித்தேன்.

அவள் கூண்டுக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். "இந்தச் சேறும் அமரவிளையாக்கும், அண்ணே. கோயிலுக்குப் பின்னால உள்ள வயலு. நாளைக்கு மண்ணு போட்டு மூடப்போறாவளாம். அதுக்கு முந்தி அள்ளிட்டு வந்தேன்."

கோயிலுக்குப் பின்னால் இருந்தது எங்கள் வயல் மட்டும்தான். என் பேனா நின்றது.

மறுநாள் லாரிகள் வந்தன, நான் தடுக்கவில்லை. என் செய்தியும் அன்றுதான் வந்தது. சேற்றின் நிறம், நாற்றின் உயரம் எல்லாம் அதில் இருந்தன. வயல் யாருடையது என்பதை மட்டும் இப்போதுதான் எழுதுகிறேன்.