முதல் தரப் படம்

சென்ற மாதம் கைப்பேசியில் வேறு எதையோ தேடப்போய், சிறுவயதில் சிவகாசித் தியேட்டரில் பார்த்த ஒரு படம் அகப்பட்டது. நான்கு கல்லூரிப் பையன்கள் பழைய வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்படும் வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. வழியெல்லாம் குடி, கும்மாளம், பெண்கள் பின்னால் அலைச்சல், இரட்டை அர்த்தப் பேச்சு. பார்க்கலாமா என்று கேட்டால், பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை பார்த்தேன். அந்தப் பையன்களோடு வேனில் போகும் அவர்களுடைய அம்மாவுக்காகக் காத்திருந்தேன். அப்படியொரு அம்மா அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் சித்தி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனியை அடைத்திருந்த நேரம். ஆமத்தூரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, தையில் கல்யாணம் என்று முடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஒரே ஒரு படம் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தாள். துணைக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். நான் போனால் ஒரு போலீஸ் போன மாதிரி என்று அவருக்கு நினைப்பு.

படத்தைத் தேர்ந்தெடுத்தது சித்திதான். சுவரொட்டியின் மூலையில் வட்டத்துக்குள் 'ஏ' என்று ஆங்கில எழுத்து இருந்தது. அவர்கள் கம்பெனியில் சோதித்துத் தேறிய பெட்டிகளின் மேல் அந்த எழுத்தைத்தான் போடுவார்கள். ஆகவே இது முதல் தரப் படம் என்று எல்லாப் பெண்களும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். என் பரீட்சைத் தாளிலும் அதே எழுத்தைப் பார்த்திருந்ததால் நானும் தலையாட்டினேன்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையை உள்ளே விடக்கூடாது என்றார். பிள்ளை இல்லாமல் எங்களை வீட்டில் விடமாட்டார்கள் என்றாள் சித்தி. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

வேன் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே சித்தி முந்தானையை இழுத்து என் முகத்தில் போட்டுவிட்டாள். எத்தனை முறை துவைத்தாலும் போகாத பட்டாசு மருந்து வாசனை அந்தச் சேலையில் இருந்தது. துணி வழியாக வெளிச்சம் நீலமும் மஞ்சளுமாகக் கசிந்தது. பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தூரத்தில் கேட்டது. அப்புறம் அந்த வேனுக்குள் நானே இருந்தேன். கடைசி சீட்டில் பையன்களின் அம்மா, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவேலங்காடு முடிந்த இடத்தில் சத்தமே இல்லாமல் கடல் தொடங்கியது. பையன்கள் நான்கு பேரும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் அலையில் நிறுத்தினார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சித்தி என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தபோதும் என் கால்கள் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்தன.

அது என்ன மாதிரிப் படம் என்பது மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆமத்தூருக்குச் செய்தி போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். முகூர்த்தச் சேலை எடுப்பது பற்றிப் பேச மாப்பிள்ளையின் அம்மாவே அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். சிறுவயதிலேயே கணவனைப் பறிகொடுத்து, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் ஒற்றை மகனை ஆளாக்கியவர். சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. சினிமாவுக்குப் போன விஷயம் மட்டும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. சித்தியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, படம் எப்படி? பாக்கலாமா?"

நான் கடல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தியின் முகம் வெளிறிக்கொண்டே போனது. அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெற்றவளைத் தூக்கிச் சுமக்கிற படம் என்றால் தன் மகனும் பார்க்க வேண்டும், இன்றைக்கே போகிறோம் என்று எழுந்துவிட்டார்.

"அம்புட்டு நல்லா இருக்காதுங்கத்தை" என்றாள் சித்தி.

"பச்சப்பிள்ளை பொய்யா சொல்லும்?"

அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. பொழுது சாயும்போது அவர் திரும்பி வந்தார். மாப்பிள்ளை தெருமுனையிலேயே குனிந்த தலையோடு நின்றுவிட்டார். அவருடைய அம்மா நேராக வந்து சித்தியை அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அம்மா கதவருகே போய் நின்றாள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு.

"அந்தப் பய டவுசர் இல்லாம ஓடுனப்ப எம் மகன் சீட்டுக்கு அடியில போயிட்டான்த்தா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, தை வரைக்கும் எதற்கு, கார்த்திகையிலேயே வைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காலையில் கேட்டு அழுத படத்துக்கு இப்போது என்ன சிரிப்பு? கதவைத் தட்டினேன். அவர் திறந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏத்தா, அந்த அம்மா தண்ணியில நின்னுக்கிட்டு என்ன சொன்னா?"

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்தவர் அதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.