பானெட்டில் வைத்த இசைத்தட்டு

சுகிர்தாவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கோணல் பைப்கூட கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை. பி.வி.சி. பைப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பேக்கிங்கில் சேர்ந்து டெஸ்டிங்குக்கு வந்தவள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். தனக்கு நிமிர்ந்து நின்று செய்யும் வேலை கிடைத்ததில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பைப்பை வெயிலில் போட்டுவிட்டுப் போகிற லோடிங் ஆட்களுக்கு அவள் விடும் டோஸ் கேட் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவள்தான், மகள் இரவல் வாங்கிய இசைத்தட்டைக் கொண்டுபோய்க் கம்பெனி பஸ்ஸின் பானெட் மேல் வைத்தாள்.

மகள் ஷைனி பிளஸ் ஒன் படிக்கிறாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஃபோனில் பாட்டுக் கேட்க, இவளுக்கு மட்டும் சுற்றுகிற தட்டின் மேல் முள்ளை வைத்துக் கேட்க வேண்டும். சர்ச் விற்பனையில் ஒரு பழைய பிளேயர் கிடைத்தது. காயலான் கடையில் கீறல் விழுந்து லேசாக நெளிந்த ஒரே ஒரு ரெக்கார்டு கிடைத்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கே புத்தி சொல்வதுபோல் பீரோக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். விளிம்பைப் பிடித்துத் தூக்கு, படுக்க வைக்காதே, நிற்க வை. அட்டையைப் பார்த்து மயங்காமல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். புது ரெக்கார்டுக்கு அலைவதற்கு முன்னால் தேய்ந்த முள்ளை மாற்று. கேட்கத்தான் வாங்க வேண்டும், காட்ட அல்ல. சுகிர்தா படித்துவிட்டு, "இன்னாடி, ஒரு தட்டுக்கு இத்தினி சட்டமா?" என்று சிரித்தாள்.

சர்ச்சில் ஷைனி அந்தச் சட்டங்களைச் சொன்னபோது, பஜாருக்குப் பின்தெருவில் இருந்த ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டோடு போகப் போகிறார். அவரிடம் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். வாரம் ஒன்றாக நாலு தருவேன், போனது போலவே திரும்பி வந்தால் பெட்டியே உனக்கு என்று ஷைனியிடம் சொல்லியிருந்தார். மூன்று ஒழுங்காகத் திரும்பிப் போயின. நாலாவது, அவர் உயிராக வைத்திருந்த நாகஸ்வரக் கச்சேரி. அன்றைக்கு ஷைனிக்குப் பரீட்சை என்பதால் அம்மா போய் வாங்கினாள்.

ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ் பஜாரில் பத்து நிமிடம் நிற்கும். வாங்கிக்கொண்டு ஏறியவள், கூட்டத்தில் நசுங்கிவிடுமே என்று பயந்து, டிரைவருக்குப் பக்கத்து இன்ஜின் மூடியில் வைத்தாள். காலையில் பெண்கள் டிபன் கேரியர் வைப்பதும் அங்கேதான். சோறு ஆறாமல் இருக்கும். சோறு ஆறாத இடத்தில் தட்டு என்ன ஆகும் என்று டெஸ்டிங் புலிக்குத் தோன்றவில்லை. வழியில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டதில் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை.

வீட்டில் அட்டையிலிருந்து உருவினால், தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஷைனி கத்தவில்லை. தாளில் கடைசியாகக் கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: அம்மா கையில் கொடுக்காதே.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுகிர்தா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாத்துல பண்றாங்க இத?" என்றாள் மெதுவாக.

"வினைல்மா."

"வினைலுன்னா பி.வி.சி. தானேடி!"

இருபத்திரண்டு வருடமாக அவள் கையில் புழங்கும் சரக்கு. எந்தச் சூட்டில் இளகும், எப்படி ஆற விட்டால் நேராகும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் பைப்பில் பாட்டு இல்லையே. சாம்பிள் பார்க்காமல் அவள் எதையும் தொடமாட்டாள். சாம்பிளுக்கு இருந்தது ஷைனியின் ஒரே சொந்தத் தட்டு. மகளே அதை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் டெஸ்டிங் இன்சார்ஜ் பரசுராமனிடம், பைப்பைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் ஓவனைக் கேட்டாள்.

"இன்னா சிஸ்டர், கம்பெனி ஓவன்ல பாட்ட வேக வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தாலும் சரி என்றார். இரண்டு கனத்த கண்ணாடிகளுக்கு நடுவில் தட்டை வைத்து அறுபத்தைந்து டிகிரி. தட்டு நேராகத்தான் வந்தது. இரவு முள்ளை வைத்தால், பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் அமுங்கிக் கேட்டது; சூடு கூடிப்போய்ப் பாட்டின் கோடுகள் இளகிவிட்டிருந்தன. ஷைனியின் சேகரிப்பு அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை நாகஸ்வரத்துக்கு ஐம்பத்தைந்து டிகிரி, இரண்டு மணி நேரம். ஓவனை அணைத்தபின் ஷிஃப்ட் முடியும்வரை கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷைனி முள்ளை வைத்தாள். நாகஸ்வரம் பிசிறில்லாமல் எழுந்தது. சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள்கிட்ட சொல்ல வேணாம்மா. தெரியவே தெரியாது."

"ரிஜெக்ட் பீஸ அமுக்கிக்கினு அனுப்பற வேலையெல்லாம் என்னாண்ட வெச்சிக்காத."

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் போனார்கள். சுகிர்தா பானெட்டில் தொடங்கி ஓவன்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஷைனி பெட்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதம் கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். தட்டைப் பிளேயரில் வைத்துக் குனிந்து, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது.

"நான் வாங்கன நாள்லருந்து இது ஒரு பக்கம் தூக்கிக்கினு ஆடும்மா," என்றார். "முள்ளு ஏறி ஏறி எறங்கும். இப்ப சாதுவா போவுதே!"

சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒரு துணி மூட்டையை இழுத்தார். நெளிந்துபோன ஏழு தட்டுகள். "கேக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. பெட்டியோட இதுங்களையும் எத்துக்கினு போங்க. நேரானா ஒண்ணே ஒண்ணு எனக்குப் பெங்களூருக்கு அனுப்புங்க."

ஷைனி அங்கேயே அழுதுவிட்டாள். ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இன்ஜின் பக்கமிருந்து தள்ளியே உட்கார்ந்து வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பேனாவை எடுத்துத் தாளின் கடைசி வரியை அடித்தாள். அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: வளைந்தால் அம்மாவிடம் கொடு.

சுகிர்தா அதை இரண்டு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பானெட்டப் பத்தியும் ஒரு வரி போடுடி," என்றாள்.