பதினாறாவது கட்டம்

புது டீச்சர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்களோ தெரியாது, எல்லாரும் கொண்டுவருவது ஒரே தாளைத்தான். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். கட்டத்துக்கு ஒரு கேள்வி. நாய் வளர்ப்பவர் யார், இரண்டு மொழி பேசுபவர் யார், இருட்டைக் கண்டு பயப்படாதவர் யார். பிள்ளைகள் எழுந்து வகுப்பைச் சுற்றிவந்து, ஒருவரையொருவர் விசாரித்து, பொருத்தமான ஆளின் பெயரைக் கட்டத்தில் எழுத வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் கூச்சம் தெளிய இது நல்ல விளையாட்டு என்று எங்கோ ஒரு பெரிய ஊரில் யாரோ முடிவுகட்டிவிட்டார்கள்.

பெரிய ஊரில் அது நல்ல விளையாட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நீரிணையின் நடுவே கிடக்கும் இந்தத் தீவில், ஒரு முனையில் சின்ன விமானம் இறங்கும் தளம், மறுமுனையில் கல்லறை, நடுவில் அறுபது வீடு. வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை மக்கள். யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, யாருக்கு எத்தனை தையல் என்பது வரைக்கும் தெரியும். தாளைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடம். இருந்த இடத்தை விட்டு அசையாமல் எழுதி முடித்து, 'அடுத்து என்ன?' என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்படித்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடத்துக்கென்று அவர் வைத்திருந்த சரக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோனது. பேனாவும் கையுமாக நின்ற அவர் முகம் போன போக்கை, ஓரத்தில் உட்கார்ந்திருந்த டோர்க்காஸ் மறக்கவில்லை. மூன்றாவது வாரம் பெட்டியைக் கட்டி விமானம் ஏறிவிட்டார். அவர் போனதற்கு அந்தத் தாள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் டோர்க்காஸ் அப்படித்தான் நினைத்தாள், நினைத்ததை லேசில் மாற்றிக்கொள்கிற பெண்ணும் இல்லை.

டோர்க்காஸ் அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக உதவி ஆசிரியை. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் பதினேழு டீச்சர்கள் வந்து போய்விட்டார்கள். பென்சில் சீவுவது, மூக்கு துடைப்பது, டீச்சர் சொல்வதைப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் சொல்வதை டீச்சருக்கும் புரியவைப்பது எல்லாம் அவள் வேலை. எட்டு வருஷமாக இன்னொரு வேலையையும் யாரும் சொல்லாமலே எடுத்துப்போட்டுச் செய்தாள். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், பிள்ளைகளைச் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டுபோவாள்.

"அந்தத் தாள் வரும். வந்தா யாருக்கும் யாரையும் தெரியாது. புரிஞ்சுதா?"

"தெரியுமே அத்தை!" என்றான் ஓபேத். ஆறு வயது, முதல் வருஷம்.

"தெரியும்டா. தெரியாத மாதிரி இருக்கணும். எந்திரிக்கணும், நடக்கணும், போய்க் கேக்கணும். அந்தப் புது டீச்சர் பொண்ணு ராத்திரியெல்லாம் முழிச்சு வெட்டி ஒட்டி செஞ்சிருக்கும். உக்காந்த இடத்துல எழுதுனவன் காதை அறுத்து நண்டுக்குப் போட்டுருவேன்."

இந்த நடிப்பில் கெட்டிக்காரி அவள் மகள் ஜெமைமா. சொந்தச் சித்தப்பா மகளிடம் போய்க் கைகுலுக்கி, "வணக்கம், உங்க பேர் என்ன? எந்த ஊரு?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைப்பாள். இந்த வருஷம் மாமரத்தடியில் ஜெமைமா இல்லை. தீவில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்க, கடல் தாண்டி கெய்ன்ஸ் நகரத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். போன புதன்கிழமைதான் விமானம் ஏறினாள்.

டோர்க்காஸின் கணவர் இறந்து மூன்று வருஷம். போன ஜூலையில், துக்கம் முடிந்தது என்று காட்டும் தீவு வழக்கப்படி, கல்லறைக் கல்லுக்குச் சுற்றியிருந்த துணியை எடுத்து, ஆடிப் பாடி, தீவு முழுக்கச் சாப்பிட்டது. அதற்கென்று வந்து தங்கியிருந்த சொந்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப்போக, மூன்று படுக்கையறை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் மிச்சம். இப்போது மகளும் இல்லை.

விமானத்துக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பும்போதே அண்ணன் சைலஸ் ஆரம்பித்துவிட்டார்.

"நீ நம்ம வீட்டுக்கு வந்துரு டோர்க்காஸு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு அம்மாம்பெரிய வீடு? லெமுவேல் அஞ்சு புள்ளைகளோட என் பின்கட்டுல நெரிஞ்சுக்கிட்டுக் கிடக்கான். அவன் உன் வீட்டுல இருக்கட்டும்."

லெமுவேல் அவர் மூத்த மகன். சைலஸ் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஈஸ்டர் லீவுக்கு ஜெமைமா வருவாள். வந்து எந்தக் கதவைத் திறப்பாள்?

"யாரு ஒத்தை ஆளு? ஜோனா வந்து படுத்துக்கறான் அண்ணே, ராத்திரித் துணைக்கு" என்று, சொந்தக்காரப் பையன் ஒருவன் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தாள். மறுநாள் விடிந்தால் சைலஸ் சிங்கி இறால் பிடிக்கப் படகில் போகிறவர், திரும்ப ஒன்பது நாள் ஆகும். அதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்கு.

அன்று முதல் பொழுது சாய்ந்ததும் ஜெமைமா அறையில் விளக்கைப் போட்டாள். அங்கே ரேடியோவை முணுமுணுக்கவிட்டாள். சோற்றை இரண்டு தட்டில் போட்டு, ஒன்றில் தின்று, மற்றதை மூடிவைத்துக் காலையில் சூடுபண்ணித் தின்றாள். வெளிக்குழாயில் இரண்டு தட்டையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கழுவினாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை செய்கிற வேலையா இது? அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட அந்த வீட்டின் அமைதி பொல்லாததாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஒருநாளும் தனியாகப் படுத்ததில்லை. அம்மா, அக்கா தங்கைகள், பிறகு கணவர், பிறகு மகள். யாருடைய மூச்சும் கேட்காத வீட்டில் எப்படித் தூங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஜோனா அங்கே படுப்பதில்லை என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். தெரிவது வேறு, வாய்விட்டுச் சொல்வது வேறு. பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. இந்த முறை டீச்சர் பிரையனி என்ற இருபத்திநாலு வயதுப் பெண். பெருநிலத்தின் தெற்கே குளிர்ப் பிரதேசத்துக்காரி, வந்த மூன்றே நாளில் மூக்கு தோலுரிந்துவிட்டது. மழை தகரக் கூரையில் அடித்துக் கொட்டிக்கொண்டிருக்க, தொண்டை கிழியக் கத்தி விளையாட்டை விளக்கினாள். பிள்ளைகள் டோர்க்காஸை ஒரு பார்வை பார்த்தார்கள். அவள் புருவத்தைத் தூக்கினாள். பன்னிரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன.

"உங்க வீட்டுல நாய் இருக்குதுங்களா?" என்று கெத்தூரா தன் கூடப்பிறந்த தம்பியையே கேட்டாள்.

"இருக்குதுங்க. உங்களைக்கூட ஒருதடவை கடிச்சுதுங்க" என்றான் அவன்.

பிரையனிக்கு முகமெல்லாம் பூரிப்பு. டோர்க்காஸும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கெத்தூரா பென்சிலோடு அவள் முன்னால் வந்து நிற்கும் வரை.

"அத்தை, உங்களுக்குத் தனி ரூம் இருக்குதுங்களா?"

பதினாறாவது கட்டம். 'தனி அறையில் தூங்குபவர் யார்?' எல்லா டீச்சர் தாளிலும் அது இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பிள்ளையும் அதை நிரப்பியதில்லை. இந்தத் தீவில் ஆறு பேருக்கு ஓர் அறை, பாய்க்கு மூன்று பேர். டீச்சர்கள் கடைசியில், "பரவாயில்லை, அது கஷ்டமான கட்டம்" என்று விட்டுவிடுவார்கள்.

"இல்லையே. உங்கண்ணன் ஜோனா வந்து படுக்கறானே" என்றாள் டோர்க்காஸ், குரலைத் தாழ்த்தி.

"அவன் என் பக்கத்துலல்ல படுக்கறான்? ராத்திரியெல்லாம் உதைக்கறான்" என்றாள் கெத்தூரா. பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே மரியாதையாக, "உண்மையைச் சொல்லணுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

"ஆமா. இருக்கு" என்றாள் டோர்க்காஸ்.

கெத்தூரா எழுதிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவன் வந்தான். உட்கார்ந்த இடத்தில் எழுதக் கூடாது, நடக்க வேண்டும், போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? அவளேதான். பிள்ளைகள் ஒரு சொல் தப்பாமல் செய்தார்கள். வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவராகக் கேட்டார்கள், பதினோரு முறையும் அவள் ஆமாம் என்றாள். ஓபேத் கடைசி. அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "பயமா இருக்கா அத்தை?" என்று கேட்டான்.

"அது உன் தாள்ல இல்லை. போய் உக்காரு."

பிரையனி தாள்களைப் புரட்டிப் பார்த்துக் கைதட்டினாள். "கஷ்டமான கட்டத்தை நிரப்பிட்டீங்க! டோர்க்காஸ், நீங்க கொடுத்து வெச்சவங்க! நாங்க நாலு அக்கா தங்கச்சி ஒரே ரூம். தனி ரூமுக்காக எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லி, பளபளக்கும் நட்சத்திரம் ஒன்றை டோர்க்காஸின் சட்டையில் ஒட்டினாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டு தாளும் சுவரில் ஏறின. வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். சைலஸும் அன்று காலை கரைக்கு வந்துவிடுவார். பெற்றோர் குழுத் தலைவர் அவர், எதைவிட்டாலும் அதைவிட மாட்டார்.

வியாழக்கிழமை எல்லாரும் போனபிறகு டோர்க்காஸ் ரப்பரை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றாள். பென்சில் எழுத்துதான், அழித்தால் போய்விடும். ஒன்றில் அழித்தாள். இரண்டாவதில் அழித்தாள். மூன்றாவது ஓபேத்தின் தாள். அவனுக்கு எழுத்து வராது, பொம்மை போட்டிருந்தான். பெரிய வீடு, ஜன்னல் எல்லாவற்றிலும் விளக்கு, ஒரே ஒரு ஆள். அவள் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். விளக்கு போட்டது யாரையும் ஏமாற்றவில்லை என்று தெரிந்துகொள்ள ஆறு வயதுப் பிள்ளையின் பொம்மை போதுமாக இருந்தது. அழித்த இரண்டிலும் தன் பெயரைத் தானே திருப்பி எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சைலஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாக வாசித்தார். முதலில் சிரித்தார். நாலாவது தாளில் சிரிப்பு நின்றது. பன்னிரண்டையும் விடாமல் வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினார். பெற்றோரெல்லாம் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றார்கள்.

"ஜோனா படுக்கறான்னியே?"

"யாரும் படுக்கல அண்ணே." அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. "ரெண்டு தட்டுல சோறு போடறேன். ரெண்டு தட்டைக் கழுவறேன். அவ ரூம்ல லைட்டைப் போட்டுட்டு, அங்க ஆள் இருக்கற மாதிரி நானே பேசிக்கறேன். என்னால முடியல. ஆனா உன் வீட்டுக்கு வரமாட்டேன். புள்ள வந்தா அவ வீடு இருக்கணும்."

சைலஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"வீட்டை விட்டுப் போகச் சொன்னா நீ பொய் சொல்லாம வேற என்ன பண்ணுவ? தப்பு என்னுது" என்றார். "நீ எங்கேயும் வர வேணாம். லெமுவேல் அங்க வரட்டும். ஆனா ஒண்ணு, அஞ்சு புள்ள. ஜெமைமா ரூமையும் பூட்டி வைக்க முடியாது."

அவர் மனைவி மூக்கைச் சிந்திவிட்டு, "அப்பாடா, பின்கட்டு எனக்கு! இவரு குறட்டைக்கு விடுதலை. டீச்சர், அந்தக் கட்டத்துல என் பேரை எழுதிக்கம்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டோர்க்காஸும் சிரித்தாள். பிரையனி மட்டும் சிரிக்கவில்லை. சட்டையில் நட்சத்திரம் ஒட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பாயும் பானையுமாக லெமுவேல் குடும்பம் வந்து இறங்கியது. டோர்க்காஸ் ஜெமைமாவின் துணிகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்து, தன் கட்டிலடியில் தள்ளினாள். அந்த அறையில் மூன்று பிள்ளைகள் கட்டிலுக்கு அடித்துக்கொண்டார்கள். வெறும் அறையை விட்டுக்கொடுக்க இவ்வளவு வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் போன் வந்தது. மேசையில் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், எட்டுத் தட்டு.

"அம்மா, இங்கேயும் அந்தத் தாள் குடுத்தாங்கம்மா" என்றாள் ஜெமைமா.

"அப்படியா? நல்லா நடிச்சியா?"

"நடிக்கவே வேணாம்மா." குரல் சின்னதாக இருந்தது. "இங்க எனக்கு நிஜமாவே யாரையும் தெரியாது. ரெண்டு மொழி பேசறவங்க யாருன்னு எல்லாரும் எங்கிட்ட வந்து எழுதிக்கிட்டாங்க. அப்புறம் யாரும் வரல. என் தாள்ல நாலு கட்டந்தான் நிரம்புச்சு."

டோர்க்காஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பின்னால் ஒரு தட்டு விழுந்தது, யாரோ யாரையோ அடித்தார்கள், ஒன்று அழ ஆரம்பித்தது.

"அங்க என்னம்மா சத்தம்?"

"லெமுவேல் குடும்பத்தோட வந்திருக்கான். எல்லாரும் இங்கதான் இருக்காங்க, இனிமே."

"என் ரூம்லயா?"

"உன் ரூம்லதான்மா." சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி" என்றாள் ஜெமைமா. "எனக்கு இங்க தனி ரூம் குடுத்திருக்காங்கம்மா. ராத்திரி ஒரு சத்தமும் இல்லை." அழுகிறாளா என்று தெரியவில்லை. "அம்மா, போனை வெச்சிராத. மேசை மேல அப்படியே வை. நான் பேசல. சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

டோர்க்காஸ் போனை மேசை நடுவில், மீன் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஷ்! போன்ல அக்கா இருக்கா, சும்மா இருங்க!" என்று லெமுவேல் மனைவி பிள்ளைகளை அதட்டினாள்.

"விடு" என்றாள் டோர்க்காஸ். "சத்தம் போடட்டும்."